துரை போட்ட சலாம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, எங்கள் ஹாலில் வைத்து, எங்கள் ஹவுஸ் ஓனரை ஓர் ஓணான் அவமானப்படுத்திவிட்டது.

அதுவும் தனியாக இருக்கும்போது அல்ல. அவருடைய வருங்காலச் சம்பந்தியின் முன்னால்!

ஓணான் என்று எழுதியதற்கு என் மகள் சென்னையிலிருந்து போன் போட்டுச் சண்டை பிடிப்பாள். பியர்டட் டிராகன் என்று சொல்ல வேண்டுமாம். ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பரம்பரையாம். தாடைக்குக் கீழே முள் முள்ளாகத் தொங்குகிறதே, அதுதான் தாடியாம். எனக்கு என்னவோ நம்மூர் வேலி ஓணான் ஆறு மாதம் ஜிம்முக்குப் போய்விட்டு வந்த மாதிரிதான் தெரிகிறது.

மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். வளர்க்க முடியாத ஒரு சீனியர் இவள் தலையில் கட்டிய பிராணி அது. ஹாஸ்டல் வார்டன் பார்த்துவிட்டார். "ஒன்று அது வெளியே போக வேண்டும், இல்லையென்றால் நீ போக வேண்டும்" என்றிருக்கிறார். இவள் ஒரு ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்துவிட்டாள். அப்போது அது என் உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

பாலைவனத்துப் பிராணியைக் கொண்டுவந்து கொடைக்கானலில் விடுகிற புத்தியைக் கால்நடை மருத்துவத்தில் எந்த வருஷம் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் நாங்களே ஸ்வெட்டரோடுதான் நடமாடுவோம். இதற்கு ஒரு கண்ணாடித் தொட்டி, தலைக்கு மேலே நூறு வாட்ஸ் பல்பு. கரண்ட் போனால் வெந்நீர்ப் பை. என் கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோதுகூட நான் அந்தப் பையை இத்தனை வேகமாக நிரப்பியதில்லை. அவர் இதை இன்னும் மறக்கவில்லை.

துரை என்று பெயர் வைத்தவள் நான். வெளிச்சத்தில் சாய்ந்து கிடப்பது, ஒரு வேலையும் செய்யாதது, சாப்பாடு வர அஞ்சு நிமிஷம் தாமதமானால் முறைப்பது... வேறு என்ன பெயர் வைப்பது?

ஆனால் மக்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன். அதற்குத் தீனியான பூச்சிகளை ஒரு பழைய காபிப்பொடி டப்பாவில் வைத்திருக்கிறோம். நிஜமான காபிப்பொடியும் அதே மாதிரி டப்பாவில்தான் இருக்கிறது. மூடியைத் திறக்கிற சத்தத்திலேயே துரைக்கு எது எதுவென்று தெரியும். காபிப்பொடி என்றால் கண்ணைக்கூடத் திறக்காது. எனக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் டப்பாவை மாற்றித் திறந்து, ஃபில்டரில்... வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் இருப்பீர்கள்.

டிவியும் பார்க்கும். சீரியலில் மாமியார் பேச ஆரம்பித்தால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். உடம்பில் சூடு அதிகமானால் அப்படித்தான் வாயைத் திறக்குமாம், மகள் சொல்கிறாள். அந்த மாமியார் பேசினால் யாருக்குத்தான் சூடு ஏறாது?

பூச்சி பிடிப்பது என் கணவர் பொறுப்பு. இதில் ஒரு பெரிய கொடுமை இருக்கிறது. அவர் வேளாண்மை அலுவலராக இருந்து ரிட்டயர் ஆனவர். பூம்பாறை, பூண்டி, கூக்கால் என்று ஒரு ஊர் விடாமல் போய், பூச்சியை எப்படி ஒழிப்பது என்று முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். இப்போது அதே தோட்டங்களுக்குக் குடையோடு போய், மருந்தடிக்காத வரப்பு எங்கே இருக்கிறது என்று விசாரிக்கிறார். குடையை விரித்துக் கவிழ்த்துப் பிடித்து, செடியைத் தட்டி, வெட்டுக்கிளியை விழவைக்கிற கலை அது.

பூண்டியில் ஒரு கேரட் விவசாயி கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறார். "ஏன் சார், ஒரு பூச்சி இருக்கப்படாதுன்னு எங்களைப் போட்டு அந்தப் பாடு படுத்தினீங்க. இப்ப நாலு பூச்சி கெடைக்குமான்னு வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டாராம். இவர் குடையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்குத் துரைக்கு வெறும் முருங்கைக்கீரைதான்.

சரி, ஹவுஸ் ஓனருக்கு வருகிறேன்.

சண்முகவேல் அண்ணனுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. ஆஜானுபாகுவான ஆள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி, சிவப்பு ஸ்வெட்டர், குரங்குக் குல்லாயோடு மலை ஏறி வருவார். ஹாலில் இருக்கிற பெரிய நாற்காலியில் உட்காருவார். நான் காபி கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டே பேசுவேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் அமைச்சர்களையெல்லாம் ஒரு பிடி பிடிக்கிறேன் அல்லவா? அதே ஆள்தான். ஹவுஸ் ஓனர் வந்தால் மட்டும் முதுகு தானாகச் சுவரைத் தேடிக்கொண்டு போய்விடும்.

காரணம் இல்லாமல் இல்லை. இந்தத் தெருவில் வாடகைக்கு இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருக்கின்றன. எல்லா வீட்டு வாசலிலும் 'காட்டேஜ்' என்று போர்டு தொங்குகிறது. சீசனில் டூரிஸ்ட்டுக்கு விட்டால் போதும் என்கிறார்கள். பதினாறு வருஷமாக இருக்கிற வீடு இது. மகள் வளர்ந்த வீடு. இங்கிருந்து நடந்தே ஸ்கூலுக்குப் போய்ப் பாடம் எடுத்துவிட்டு வந்துவிடுவேன். இதை விட்டால் இந்த ஊரில் எங்களுக்கு வேறு வீடு கிடைக்காது.

துரை வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர்... கொச்சின்காரர் ஒருத்தர் வீட்டைக் கேக்குறாரு. காட்டேஜுக்கு. நீங்க வெரசா ஒரு முடிவு சொன்னீங்கன்னா..."

அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தொட்டியையே பார்த்தார். உள்ளே துரை, அவரை அண்ணாந்து பார்த்தபடி, ஒரு முன்னங்காலை மெதுவாகத் தூக்கி... ஒரு சுற்றுச் சுற்றி... கீழே வைத்தது. அப்புறம் இன்னொரு கால்.

"என்ன டீச்சர் இது... எனக்குச் சலாம் போடுது?"

"ஆமாண்ணே. உங்களுக்குத்தான். எங்களுக்கெல்லாம் போடாதுண்ணே."

பொய் தொண்டையில் சிக்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அண்ணன் குல்லாயைக் கழற்றினார். எழுந்து போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். அவ்வளவு பெரிய முகம் கிட்டே வந்ததும் துரை இன்னும் இரண்டு தடவை கையைத் தூக்கியது. "கடைக்குள்ள நான் போனா எம் பயலுக ரெண்டு பேரும் உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டாய்ங்க டீச்சர். செல்போனத்தான் நோண்டிக்கிட்டு கெடப்பாய்ங்க. இந்த வாயில்லாச் சீவனுக்கு என்னா மரியாதை தெரிஞ்சிருக்கு பாருங்க!" கொச்சின்காரரை மறந்துவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியும் விட்டார்.

கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான் எங்களுக்குச் செல்போன் சிக்னல். அங்கே நின்று மகளுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, அது சலாம் இல்ல. 'நீ பெரியவன், நான் சின்னவன், என்னை அடிச்சுடாதே'ன்னு அர்த்தம். குட்டியா இருக்கறப்ப பெருசா எதைப் பார்த்தாலும் அப்படித்தான் காட்டும்."

இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. மாதம் தவறாமல் வந்தார், சலாமை வாங்கிக்கொண்டு போனார். துரைக்கென்று பழனியிலிருந்து கொய்யாப்பழம்கூட வந்தது. எங்களுக்கு வந்ததில்லை!

நடுவில் துரை வளர்ந்துவிட்டது. முழங்கை நீளம். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருநாள் என் கணவர் ஷேவிங் கண்ணாடியைத் தொட்டிக்கு எதிரில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், தாடி கன்னங்கரேலென்று உப்பியிருக்கிறது. கண்ணாடியைப் பார்த்து மடேர் மடேரென்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

மறுபடியும் கேட்டுக்கு ஓடினேன்.

"பையன் பெரியவனாயிட்டாம்மா," என்றாள் மகள். "இனிமே கையைத் தூக்க மாட்டான். தலையை ஆட்டினா, 'இது என் இடம், மோதிப் பார்க்கிறியா'ன்னு அர்த்தம்."

அந்த நேரம் பார்த்து அண்ணனிடமிருந்து போன். "டீச்சர், ஞாயித்துக்கெழம காலையில வந்துர்றோம். எம் மகளுக்குப் பேசியிருக்கம்ல, மாப்பிள்ளையோட அப்பா, அவரும் வர்றாரு. நம்ம துரையைக் காட்டணும். அப்புறம் அந்தக் கொச்சின்காரரு சோலியையும் பேசி முடிச்சிருவோம்."

என்னென்னவோ யோசித்தோம். துரைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா? பாத்ரூமில் வைத்துப் பூட்டலாமா? கடைசியில், குளிர்ந்தால் சோம்பிக் கிடக்கும் அல்லவா என்று விடிந்ததிலிருந்து பல்பை அணைத்து வைத்தேன். அது கல் மாதிரிதான் கிடந்தது. ஆனால் பத்தரை மணிக்கு வெயில் வந்தது. கொடைக்கானலில் என்றைக்கு வெயில் வேண்டும் என்று கேட்கிறோமோ அன்றைக்கு வராது; வேண்டாம் என்றால் நேராக ஹாலுக்குள்ளேயே வந்து உட்காரும்.

இரண்டு பேரும் வந்தார்கள். சம்பந்தி ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வியாபாரம் செய்கிறவர். அண்ணன் தொட்டிக்கு முன்னால் நின்று, மார்பை நிமிர்த்தி, "இப்ப பாருங்க சம்பந்தி, எப்படிச் சலாம் போடுதுன்னு," என்றார்.

துரை பார்த்தது. தாடி கறுத்தது. முள்ளெல்லாம் விரிந்தது. நாலு காலையும் ஊன்றி எழுந்து, அண்ணன் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டியது பாருங்கள்... தொட்டியே அதிர்ந்தது.

"என்ன சம்பந்தி, உங்களைக் கண்டாலே இந்தச் சீறு சீறுது?" என்றார் ஒட்டன்சத்திரத்துக்காரர்.

அண்ணன் முகம் சிறுத்துப்போனது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "டீச்சர், இதுக்கு என்ன அர்த்தம்?"

ரொம்ப நாளாகப் பார்க்காத சந்தோஷம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் என் கணவர், வாழ்க்கையில் ஒரு தடவையாவது எனக்கு முந்திப் பேச வேண்டும் என்று காத்திருந்தவர், சொல்லிவிட்டார். "இது என் எடம், மோதிப் பாக்குறியான்னு கேக்குதுங்க."

"அப்ப இத்தன நாளா கையத் தூக்குனது?"

"அது... நீங்க பெரியவரு, என்னை அடிச்சுடாதீங்கன்னு."

அண்ணன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. என் மேல் எனக்கே வெறுப்பாகவும் இருந்தது.

"அப்ப அது மரியாதை இல்ல. பயம்," என்றார், யாருக்கோ சொல்வது போல. "எம் பயலுகளும் சின்னதுல என்னைக் கண்டா துள்ளி எந்திரிப்பாய்ங்க. அதுவும் இதுதான் போல."

அப்புறம் தலையைத் தூக்கிச் சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க மாசா மாசம் நின்னுக்கிட்டே பேசுறீங்களே... அது?"

இருபத்தெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு பிள்ளைகூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. டைனிங் டேபிள் நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தேன். அவருக்கு எதிரில் போட்டேன். உட்கார்ந்தேன்.

"அதுவும் அதுதாண்ணே. வீடு போயிருமோங்கற பயம். இந்த வீடு எங்களுக்கு வேணும். காலி பண்ண முடியாது."

என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

அண்ணன் குல்லாயை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். பிறகு, "இத ஒரு வருஷத்துக்கு முன்னாடியே இப்படி உக்காந்து சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே கொச்சின்காரருக்கு இல்லன்னு சொல்லியிருப்பேன்ல?" என்றார். சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியாது. ஆனால் சொன்ன விதம் நம்பும்படியாக இருந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, "மூணு வருஷத்துக்கு வாடகைப் பத்திரம் எழுதிக்கிருவோம்" என்றும் சொன்னார்.

போகும்போது தொட்டிக்கு எதிரில் ஒரு நிமிஷம் நின்றார். தாடி இன்னும் கறுத்துத்தான் இருந்தது. "சரிடா, சரி. உன் எடந்தான். நான் போறேன்," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அன்றைக்கு வந்தவர்களுக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை என்பது அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆக, உங்கள் டீச்சராகிய நான் ஐம்பத்து நாலாவது வயதில் ஒரு வழியாக வயசுக்கு வந்திருக்கிறேன் — சீர் கொண்டுவருகிறவர்கள் வரலாம், காபியை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.