தீர்த்தக் குடத்தில் புழு

2023 நவம்பர் 8, புதன்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். ராத்திரி முழுக்கப் பெய்த மழை ஓய்ந்து தூறிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவோரம் கொசு ஆராய்ச்சி செய்யும் பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போன வாரம் தான் வைத்துவிட்டுப் போன கறுப்பு டப்பாவைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டப்பாவில் பாதித் தண்ணீர், அதில் செருகிய சொரசொரப்பான காகிதப் பட்டை. டெங்கு கொசு அந்தப் பட்டையில் முட்டையிடும். அதை எண்ணி, எந்தத் தெருவில் எந்த வாரம் கொசு பெருகுகிறது என்று எழுதுவதுதான் அவளுடைய பிஎச்.டி. நானும் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. மிளகுப் பொடி தூவியதுபோல் ஒட்டிக்கிடந்தன.

"சார், இந்தத் தெருவுலயே உங்க வீட்லதாங்க அதிகம்" என்றாள், பரிசு விழுந்ததைச் சொல்வதுபோல.

வீட்டில் தண்ணீர் தேங்கும் இடங்கள் பதினேழு. ஃபிரிட்ஜின் பின்தட்டு உட்பட எல்லாவற்றையும் ஞாயிறுதோறும் நானே கவிழ்ப்பவன். அந்த மாதம் கூடுதல் பயம் வேறு. ஏழு மாதம் நிறைந்த என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளைக் கொண்டுவந்து விட்டபோதே மாப்பிள்ளை, "இங்க கொசு ஜாஸ்தி மாமா. காய்ச்சல் கீய்ச்சல்னா மறுநிமிஷம் கைலாசபுரம் குவார்ட்டர்ஸுக்கே கூட்டிண்டு போயிடுவேன்" என்றிருந்தார். பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பெண்ணுக்கு உடம்பு சுட்டது. அன்று காலை லேபில் ரத்தம் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குச் சொல்லவில்லை.

பதினேழு இடங்களையும் அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன். டார்ச் அடித்து முடித்தவள், "கவுத்தா மட்டும் பத்தாதுங்க, உள்பக்கம் தேய்க்கணும். வேற எங்கயாச்சும் தண்ணி இருக்குங்களா?" என்றாள்.

"பெருமாள் உள்ல தீர்த்தக் குடம் ஒண்ணுதான் பாக்கி" என்று பூஜை அறையைக் காட்டினேன்.

என் மனைவி வழியில் வந்து நின்றாள். "அங்கெல்லாம் வரப்படாதும்மா."

"குடத்த மட்டும் வெளிய கொண்டாங்கம்மா, போதும்."

ஐப்பசி முழுக்கக் காவிரியில் குளித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பெருமாளுக்குச் சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். மாதம் முடியும்வரை குடம் வற்றக்கூடாது என்று பழைய தண்ணீரின் மேலேயே புதிய தண்ணீரை ஊற்றுவாள் மனைவி. கழுத்து குறுகிய எவர்சில்வர் குடம். கை நுழையாது. தேய்க்கிற பேச்சே இல்லை.

மனைவி அதைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். டார்ச் வெளிச்சம் உள்ளே விழுந்தது. புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, வால்நுனியால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் மொத்தமும் நெளிந்து அடியில் போய்ப் பதுங்கின. நாற்பது வரை எண்ணினேன். அதற்குமேல் அவை நிற்கவில்லை.

"இந்தக் கொசு முட்டைய தண்ணிக்கு மேல, பாத்திரத்து உள்சுவத்துல ஒட்டிருங்க. காஞ்சு கெடந்தாலும் மாசக்கணக்குல சாகாது. நீங்க மேல மேல ஊத்தறீங்கல்ல, தண்ணி ஏறி நனைஞ்சதும் பொரிஞ்சிரும்."

அன்று ஐப்பசி இருபத்திரண்டு. நான் குடித்தது நாளுக்கு மூன்று கரண்டித் தீர்த்தம், மொத்தம் அறுபத்தாறு. அன்று காலை நாக்கில் தட்டியதைத் துளசிக் காம்பு என்று விழுங்கியிருந்தேன். வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

"பச்சைக்கற்பூரம் போட்டிருக்கேன்னா. ஒண்ணும் ஆகாது" என்றாள் மனைவி.

"புழுவும் அதைக் குடிச்சுண்டு சௌக்கியமாத்தான் இருக்கு."

"குடிச்சா டெங்கு வராதுங்க சார். கடிச்சாத்தான்" என்றாள் ஆராய்ச்சிக்காரி. எனக்கு ஆறுதலாம்.

தண்ணீரைக் கீழே கொட்டச் சொன்னாள். "காவேரியைச் சாக்கடையில கொட்டறதா?" என்று மனைவி குடத்தைக் கட்டிக்கொண்டாள். ஆற்றிலேயே விடுவது என்று முடிவாயிற்று. அதற்குமுன் ஆராய்ச்சிக்குப் புழு வேண்டுமாம். எங்கள் டீ வடிகட்டியால் அரித்து ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டு, வடிகட்டியைத் திருப்பி நீட்டினாள்.

"அதையும் நீயே எடுத்துண்டு போயிடும்மா."

என் பெண் போனும் கையுமாக அறை வாசலில் நின்றாள். "அவர்கிட்ட சொல்லிட்டேன்ப்பா. கிளம்பிட்டார்."

ஒரு மணி நேரத்தில், ஆராய்ச்சிக்காரி புழுவை எண்ணி எழுதி முடிப்பதற்குள், மாப்பிள்ளை காரோடு வந்தார். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "நீ பையை எடுத்துக்கோ" என்றார் பெண்ணிடம்.

"தலைப்பிரசவம், மாப்ளே" என்று மனைவி இழுத்தாள்.

"நீங்களும் வாங்கோ மாமி. குவார்ட்டர்ஸ்ல வந்து பாத்துக்கோங்கோ."

"குவார்ட்டர்ஸ்லயும் கொசு இருக்குங்க சார். அங்க ஒரு டப்பா வைக்கட்டுங்களா?" என்றாள் ஆராய்ச்சிக்காரி. மாப்பிள்ளை கார்க் கதவைத் திறந்தார்.

மனைவி குடத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். போகும் வழியில் அம்மா மண்டபப் படித்துறையில் இறங்கித் தண்ணீரை ஆற்றில் விட்டாளாம். மறுநாள் லேப் முடிவு வந்தது. டெங்கு இல்லை, வெறும் காய்ச்சல். போனில் சொன்னேன். "இருக்கட்டும் மாமா, பிரசவம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை.

பெருமாளும் நானும் அந்தக் கறுப்பு டப்பாவும் மிஞ்சினோம். வாய் அகன்ற, மூடி போட்ட தவலை ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்தேன். ஆனாலும் டார்ச் அடித்துப் பார்க்காமல் ஒரு கரண்டித் தீர்த்தம்கூட விழுங்கவில்லை. பேத்தி பிறந்து அவர்கள் திரும்பத் தொண்ணூறு நாள் ஆயிற்று. லேப், தவலை, புது வடிகட்டி, தொண்ணூறு நாள் மெஸ் சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு பதினாறாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.