பதில் வராவிட்டால் சம்மதம்

நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி. என்னுடைய இணைப்புத் திட்டத்தை மாற்றப்போகிறார்களாம். விருப்பமில்லையென்றால் இன்ன எண்ணுக்கு மறுப்பு அனுப்ப வேண்டுமாம். அனுப்பாவிட்டால் நான் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வார்களாம். இதில் பதறுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். நானோ வாயில் நுரையோடு நின்றபடியே மறுப்பை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்த்து, அதற்கப்புறம்தான் வாய் கொப்பளித்தேன். என்ன திட்டம், கூடுதலா குறைவா என்றுகூடப் படிக்கவில்லை.

இந்தப் பதற்றம் என்னிடம் ஒட்டிக்கொண்டது பாளையங்கோட்டையில், முருகன்குறிச்சிக்குப் பக்கத்து மாடியறை ஒன்றில். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடோ ஷூவோடோ நுழைய முடியாது. கோயிலில் விடுவதைப் போல வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஏசி, தரைவிரிப்பு, தூசி படிந்து சூடான மானிட்டர்கள், அவற்றோடு எங்கள் காலுறை வாடை. இன்றைக்கும் குளிர்ந்த அறை எதிலாவது ஈரக் காலுறை நாறினால் எனக்கு முதல் வேலை ஞாபகம் வந்துவிடும். அந்த வருடம் களக்காட்டில் அடித்த காற்றில் எங்கள் வாழை முழுக்கச் சாய்ந்திருந்தது. வீட்டில் எல்லோரும் என் வேலையைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது போய்விடுமோ என்ற பயத்தோடுதான் நான் தினமும் பஸ் ஏறினேன்.

முதலாளி ஜெயசிங் அண்ணாச்சி. அதற்குமுன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். பிரான்சில் ஒரு கம்பெனி டொமைன் பெயர்களை விற்றுக்கொண்டிருந்தது. இணையத்தில் கடைக்கோ பள்ளிக்கோ முகவரியாக இருக்கிறதே, அந்தப் பெயர். வாங்கியவர்கள் பிரெஞ்சில் புலம்பி எழுதும் கடிதங்கள் எங்களுக்கு வரும். நாங்கள் அவற்றை இங்கிலீஷில் மாற்றி, பெங்களூரில் இருந்த தொழில்நுட்ப ஆட்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் எழுதும் பதிலைத் திரும்பப் பிரெஞ்சாக்கி அனுப்ப வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால் எனக்குப் பிரெஞ்சு தெரியாது. நெட்வொர்க் படிப்பு ஒன்றை ஆறு மாதம் படித்திருந்ததால் இங்கிலீஷ் சொற்கள் மட்டும் தெரியும்.

பிரெஞ்சு தெரிந்தவர் பர்வீன் அக்கா. காரைக்காலில் பிறந்தவர். அவருடைய வாப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர், வீட்டில் சோறு கேட்பதைக்கூடப் பிரெஞ்சில் கேட்பாராம். அக்காவை மேலப்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவர் காதர் சவுதியில், பாலைவனத்துக்குள் எங்கோ வேலை. அக்காவுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, ஆனால் சர்வர் என்றால் ஓட்டலில் சாப்பாடு பரிமாறுகிறவர்தான். ஆகவே அவர் பிரெஞ்சைப் படித்துத் தமிழில் சொல்வார், நான் யோசித்து இங்கிலீஷ் சொல்லைக் கண்டுபிடிப்பேன். இரண்டு வெள்ளைக்கார மொழிகளும் எங்கள் தமிழ் வழியாகத்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

கண்டுபிடித்த சொல்லைச் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் எழுதிவைப்போம். இடது பக்கம் பிரெஞ்சு, வலது பக்கம் இங்கிலீஷ். இங்கிலீஷில் எனக்கே தகராறு. ரெஜிஸ்ட்ரி, ரெஜிஸ்ட்ரார், ரெஜிஸ்ட்ரண்ட் என்று மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல நிற்கும். எல்லாப் பெயர்களையும் காத்து வைத்திருப்பது முதலாவது, விற்றுப் பதிவுசெய்வது இரண்டாவது, வாங்கியவர் மூன்றாவது. பிரெஞ்சில் இந்தக் குழப்பமே இல்லை. வாங்கியவரைத் 'தித்யுலேர்' என்கிறார்கள். விற்பவரைப் பதிவு அலுவலகம் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

"பிரெஞ்சுக்காரங்க ஆபீஸை ஆபீஸ்னு சொல்றாங்க. இங்கிலீஷ்காரங்கதான் ஆபீஸுக்கு ஆள் பேரு வைக்கிறாங்க. நீங்க ஏன் தம்பி அவங்ககிட்ட போய் மாட்டிக்கிட்டீங்க?" என்பார் அக்கா.

ஜெயசிங் அண்ணாச்சிக்கு வேறொரு சந்தோஷம். வருடப் பணம் கட்டாமல் காலாவதியான பெயரை உடனே பறிக்க மாட்டார்கள். முதலில் கிரேஸ் என்று கொஞ்ச காலம், பிறகு ரிடெம்ப்ஷன் என்று கொஞ்ச காலம், அதற்கப்புறம்தான் அழிப்பார்கள். பிரெஞ்சிலும் ஏறக்குறைய அதே சொற்கள்தாம். "ஏலே, கிருபை, மீட்பு, அப்புறம் நியாயத்தீர்ப்பு! இதை எழுதினவன் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவன்லே" என்று பலகை முன்னால் நின்று பிரசங்கமே வைத்துவிடுவார். வரும் ஆட்களுக்கெல்லாம் இதைக் காட்டுவார்.

இப்படியிருக்கையில் ஒரு நாள் தேன் விற்கிற ஒரு பிரெஞ்சுக்காரரின் டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றக் கோரி மனு வந்தது. அவருக்குப் போன அறிவிப்பின் நகல் எங்களிடம் இருந்தது. அக்கா படித்துவிட்டுச் சொன்னார், "அஞ்சு நாளைக்குள்ள மறுப்புச் சொல்லணுமாம். பதில் வரலைன்னா சம்மதம்னு வச்சுக்கிட்டு மாத்திடுவாங்களாம்."

நான் நம்பவில்லை. அண்ணாச்சியும் நம்பவில்லை. கதைகளில் பேசாமல் இருந்தால் சம்மதமாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டு, சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்த் தாக்கல் சொல்லி விடுதோம்" என்று எழுந்து போவார்கள். ஒரு வாரம் தகவல் வராவிட்டால் பெண் வீட்டில் அடுத்த ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். பதில் இல்லையென்றால் வேண்டாம் என்றுதான் பொருள், இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அக்கா மூன்றாம் முறையும் படித்து அதையே சொன்னார். பெங்களூரும் ஆமாம் என்றது. தேன்காரர் வாயைத் திறக்கவில்லை. சொன்ன நாளில் பெயர் சத்தமில்லாமல் கைமாறிவிட்டது. அது அவர் கேட்டுக்கொண்ட மாற்றம்தான், பின்னால் நன்றி சொல்லி எழுதினார். ஆனால் எனக்கு அன்றைக்கே பயம் பிடித்துவிட்டது. நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போதுகூட நம் பெயரில் யாரோ ஆமாம் சொல்லிவிடலாம் போலிருக்கிறதே!

அடுத்த மாதமே பிரான்சிலிருந்து இடி வந்தது. எங்களில் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் புதுச்சேரிக்குப் போய், அங்கிருக்கும் அவர்களுடைய ஆட்களிடம் ஒரு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். பிரெஞ்சு தெரிந்த ஒருவர் என்றால் அக்காதான். அவர் போகாவிட்டால் ஆபீசில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அக்காவுக்குப் போக ஆசை. அதை அவர் மறைக்கவே இல்லை. புதுச்சேரியில் அவருடைய பெரியம்மா வீடு இருந்தது. ஆனால் மாமியார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார், "காதர் சொன்னா போ." காதர் ஊருக்குப் போன் பேசுவது மாதம் ஒருமுறை, அந்த மாதம் பேசியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் நகரத்துக்கு வந்து மெயில் பார்ப்பார். அக்கா வியாழக்கிழமை ஆபீசிலிருந்தே மெயில் எழுதினார். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, பொத்தானை அழுத்திவிட்டு முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளி போனது. சனி போனது. நான் என் வேலையைப் பார்ப்பதுபோல அக்காவின் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி தன் அறையிலிருந்து எட்டிப்பார்ப்பார். "பதில் வந்துச்சாம்மா?" என்று அக்காவிடம் கேட்கத் தைரியம் வராமல், என்னைக் கூப்பிட்டு, "பைய கேட்டுப் பாருடே" என்பார். நானா கேட்பேன்? மெயில் பெட்டியில் புதிதாக ஏதாவது வந்து டிங் என்று சத்தம் கேட்டால் ஐந்து பேரும் தலையை நிமிர்த்துவோம். யாராவது ஒரு பிரெஞ்சுக்காரர் கடவுச்சொல்லை மறந்திருப்பார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கேட்டதற்கு வெயில் என்று சொல்லிவைத்தேன்.

புதன்கிழமை காலையில் அக்கா வந்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "அண்ணாச்சி, நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வந்து மாமிகிட்ட பேசுங்க" என்றார். அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். மூன்று பேரும் ஆட்டோவில் மேலப்பாளையம் போனோம். வழியெல்லாம் அண்ணாச்சி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். ஜெபமா, பேச வேண்டியதை ஒப்பித்துப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

மாமியார் முன்னறையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அறை முழுக்கப் புகையிலை நெடி. எனக்குத் தும்மல் வந்தது, பயத்தில் அடக்கிக்கொண்டேன். "இங்கன உக்காருங்க அண்ணாச்சி" என்றார், கை நிற்கவில்லை. அண்ணாச்சி ஒப்பந்தம், பயிற்சி, பெரியம்மா வீடு என்று என்னென்னவோ சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார் அக்காவைப் பார்த்தார். "காதர் என்ன சொல்லுதான்?"

"ஒண்ணும் சொல்லல மாமி. எழுதி அஞ்சு நாளைக்கு மேலாச்சு." அக்கா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். "எங்க ஆபீஸ்ல அஞ்சு நாள் மறுப்பு வரலைன்னா சம்மதம்னுதான் கணக்கு."

எனக்கு உயிரே போய்விட்டது. டொமைன் சட்டத்தைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைக்கிறாரே! அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"இது யாரு போட்ட சட்டம்?"

"பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ்காரன் எல்லாருக்கும் இதான் மாமி."

மாமியாரின் கை அப்போதுதான் நின்றது. "எனக்கு நிக்காஹ் நடக்கும்போது வாப்பாவும் சாட்சி ரெண்டு பேரும் உள்ள வந்து கேட்டாங்க. சம்மதமா புள்ளன்னு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசல. வெக்கப்படுதா, சம்மதந்தான்னு அவங்களே வெளிய போய்ச் சொல்லி எழுதிட்டாங்க. மாப்பிள்ளை மொகத்தக்கூட நான் பாக்கல. நாப்பது வருசம் ஓடிப்போச்சு." மறுபடி இலையை எடுத்தார். "அவனுக்கு வாய் இருக்கு, கை இருக்கு, மிசின் இருக்கு. வேண்டாம்னா எழுதிருப்பாம்லா? பொம்பளைக்கு ஒரு சட்டம், ஆம்பளைக்கு ஒரு சட்டமா? நீ போயிட்டு வா."

அண்ணாச்சி எழுந்து கும்பிட்டார். நான் அடக்கி வைத்திருந்த தும்மல் அப்போதுதான் வந்தது.

அக்கா புதுச்சேரிக்குப் போய்விட்டார், எங்கள் கலக்கம் போகவில்லை. காதர் கோபப்பட்டுத் திரும்பக் கூப்பிட்டால்? அடுத்த மாதப் போனில் மாமியாரே விஷயத்தைச் சொன்னாராம். காதர் கேட்டுவிட்டு, "கார்டு தீருது உம்மா" என்று வைத்துவிட்டாராம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நானும் அண்ணாச்சியும் அன்று முழுக்க அதையே பேசினோம். அக்கா பயிற்சி முடித்துத் திரும்பி வந்தார், ஒப்பந்தம் நின்றது. காதரிடமிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் வரவேயில்லை.

அடுத்த வருடம் அவர் விடுமுறையில் வந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். ஆளுக்கொரு கோடாலித் தைலப் புட்டியோடு ஆபீசுக்கு வந்தவரை நான் கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். பாதி டீயில் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன், "அண்ணே, அந்த மெயில் உங்களுக்கு வந்துச்சா?"

"மொத வெள்ளிக்கிழமையே படிச்சிட்டேன் தம்பி" என்றார். "அவளுக்குப் போகணும்னு எம்புட்டு ஆசைன்னு எழுத்துலயே தெரிஞ்சுது. வேண்டாம்னு எழுத மனசு வரல. சரின்னு எழுதினா உம்மாவ மதிக்காம நானே முடிவு பண்ணிட்டேன்னு ஆயிருமோன்னு பயம். நாலு வாரமும் அந்த மிசின் முன்னால போய் உக்காந்து உக்காந்து எந்திரிச்சு வந்தேன்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவங்களா எதையாவது நெனச்சுக்கிட்டு அனுப்பிட மாட்டாங்களான்னு இருந்துச்சு."

எங்களோடு சேர்ந்து ஆறாவதாக ஒருவரும் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. டீக்குக் காசு கொடுக்க மட்டும் விடவில்லை.

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. பிரெஞ்சை இங்கிலீஷாக்கக் கருவிகள் வந்ததும் ஒப்பந்தம் போய்விட்டது. மாடியறையில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள், செருப்போடு போகலாம். அண்ணாச்சி காலமாகிவிட்டார். பர்வீன் அக்கா புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார், காதரும் அங்கேயே வந்துவிட்டார்.

ஆனால் போனவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. இப்போது அக்கா அதே கேள்வியைக் கைப்பேசியில் அனுப்பினால், காதர் திறந்த மறுநிமிடமே இரண்டு நீல டிக்குகள் காட்டிக்கொடுத்துவிடும். படித்துவிட்டீர்கள், ஏன் பதில் இல்லை என்று அக்காவும் கேட்பார், உம்மாவும் கேட்பார். பேசாமல் இருப்பதற்கு அந்த மனிதருக்கு ஐந்து நாள் இல்லை, ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். அவர் உம்மாவுக்குப் பயந்த ஆள். வேண்டாம் என்றுதான் எழுதுவார்.