மேசையில் பதினொரு தபாலட்டைகள்

“அம்மா, இந்தப் படத்தில நிக்கிற ஆக்கள் எப்ப வீட்டை போவினம்?”

ஜெஸ்ரினுக்கு அப்போது ஐந்து வயது. தாயின் அல்பத்தில் இருந்த பழைய தபாலட்டை ஒன்றைக் காட்டிக் கேட்டாள். மரக்கூரை போட்ட பாலம். சுற்றிவரப் பனி. பாலத்து வாசலில் இரண்டு பேர்.

“போட்டோ எடுத்து முடியப் போயிருப்பினம்,” என்றாள் இசபெல்.

“இல்லையே. இன்னும் நிக்கினம்.”

இசபெல் சிரித்துவிட்டு அல்பத்தை மூடினாள். அது நடந்து பத்தொன்பது வருடம். போன நவம்பரில் அந்தக் கேள்வி திரும்பவும் அவளிடம் வந்தது. அப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டிச் சொல்லும் கதையென்றால் இதில் ஒரு நடுச்சாமமாவது இருக்கும். இங்கே எல்லாம் பின்னேரம் நாலு மணிக்கு நடந்தது, பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது. அதனாலேயே துணிந்து சொல்லலாம். இது நடந்ததுதான்.

இசபெலின் ஊர் மன்னார். இருப்பது லண்டன் நோர்பரியில், ஒரு வரிசை வீட்டில். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பூசை. அவளுக்கு இருந்த ஒரே ஆசை, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துக் காட்சிகள் அச்சிட்ட பழைய தபாலட்டைகள். லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு பழைய சாமான் கடையில் இருபது பென்சுக்கு ஒரு பாலம் வாங்கினாள். பிறகு விடவில்லை. பாலங்கள், சிவந்த மேப்பிள் மரங்கள், வெள்ளைத் தேவாலயங்கள்... இருநூற்றுச் சொச்சம்.

“அமெரிக்காவில உனக்கு ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாது. பிறகு என்னத்துக்கு உவ்வளவு பாலம்?” என்பான் கணவன் லெஸ்லி.

“நாய்க்குட்டியைத் தெரியாட்டி என்ன? பாலம் வடிவாத்தானே கிடக்கு.”

இந்த அட்டைகளைச் சேர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விற்பவர் ஒரு கட்டு அட்டைகளைத் தபாலில் அனுப்பிவிடுவார். முன்பணம் இல்லை. பிடித்ததை எடுத்துக்கொண்டு, அதற்கு மட்டும் பணம் அனுப்பி, மிச்சத்தைத் திருப்ப வேண்டும். முழுக்க நம்பிக்கையில் நடக்கும் வேலை. இசபெலுக்கு அப்படி அனுப்பியவர் அனர்லியில் இருந்த திரு. ஹார்லோ. எண்பது தாண்டிய மனிதர். பதினாறு வருடப் பழக்கம், ஆனால் முகம் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டோடும் இரண்டு வரி எழுதி வைப்பார். ஒருமுறை அவளுக்குச் சளி என்று அறிந்து எலுமிச்சைத் தேநீர்ப் பை ஒன்றும் வைத்திருந்தார்.

போன சித்திரையில் வந்த கட்டில் அவள் ஒன்றே ஒன்றை எடுத்தாள். பனியில் ஒரு பாலம். ஒரு கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்தது. பழைய அட்டைகளில் விரல் படக்கூடாது என்பதால் உறையோடேயே அல்பத்தின் முப்பத்தோராம் பக்கத்தில் செருகினாள். மிச்சத்தைத் திருப்பி அனுப்பினாள்.

மே மாதம் கடிதம் வந்தது. விற்பனைக்கு இல்லாத ஓர் அட்டை அந்தக் கட்டோடு தவறிப் போய்விட்டது என்று எழுதியிருந்தார். அவருடைய மனைவி ரூத் பிறந்தது வெர்மாண்டில். கல்யாணமாகி வரும்போது தன் கிராமத்துப் பட அட்டைகள் பன்னிரண்டைக் கொண்டு வந்தாளாம். அவள் இறந்த பிறகு தினமும் அவற்றை மேசையில் பரப்பிப் பார்ப்பது வழக்கமாம். இப்போது பதினொன்றுதான் இருக்கிறது. தயவுசெய்து இன்னொரு தடவை தேடிப் பார்க்க முடியுமா?

இசபெலுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்னைக் கள்ளி எண்டு நினைச்சிட்டார், லெஸ்லி!”

“அந்தாள் தேடிப் பார்க்கச் சொல்லித்தானே எழுதியிருக்கு?”

“தேடவே தேவையில்லை. நான் எடுத்தது ஒண்டு. எனக்குத் தெரியாதோ?”

அன்றைக்கே பதில் எழுதினாள். மடு மாதா மேல் சத்தியமாக என்னிடம் இல்லை என்று எழுதினாள். மடுத் தேவாலயத்து மாதா மேல் செய்யும் அந்தச் சத்தியத்தை மன்னார்க்காரர் இலேசில் செய்வதில்லை. பாம்பு கடித்தவன்கூட மடு மண்ணை நம்பிப் பிழைப்பான், அந்தத் தாயின் பெயரில் பொய் சொன்னவனுக்கு மருந்தில்லை என்று வளர்ந்தவள் அவள். மடு மாதா யாரென்று ஹார்லோவுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் ஒரு வரி பதில் வந்தது.

*உங்களை நம்புகிறேன். தொந்தரவுக்கு மன்னியுங்கள்.*

அதன் பிறகு அவரிடமிருந்து கட்டு வரவில்லை.

ஒருவர் தேடிப் பார்க்கச் சொன்னால், சத்தியம் செய்வதைவிடத் தேடிப் பார்ப்பது சின்ன வேலை. அந்தச் சின்ன வேலையை அவள் செய்யவில்லை.

நவம்பர் வந்தது. கத்தோலிக்கருக்கு அது இறந்த ஆத்துமாக்களுக்கான மாதம். ஒரு திங்கட்கிழமை. நாலு மணிக்கே வெளியில் இருட்டிக்கொண்டு வந்தது. லெஸ்லிக்குப் பின்னேர ஷிப்ட், பத்து மணிக்குத்தான் வருவான். இசபெல் குசினியில் பருப்புக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பு மணிக்கூட்டில் 4.07.

முன் அறையில் சத்தம்.

டக்.

கொஞ்சம் பொறுத்து, டக்.

மேசையில் யாரோ தடித்த கடதாசியை ஒவ்வொன்றாக வைப்பது போல. அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். சத்தம் நின்றுவிட்டது. ஹீற்றர் குழாய் சூடேறுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அதே நேரம். 4.07. அதே சத்தம். இந்த முறை எட்டிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. ஆனால் அலுமாரிக்குள் இருக்க வேண்டிய அல்பம் மேசையில் கிடந்தது. விரிந்து. முப்பத்தோராம் பக்கம்.

லெஸ்லிக்குப் போன் எடுத்தாள்.

“என்ர அல்பத்தை எடுத்தனீங்களோ?”

“நானோ? அதைத் தொட்டால் எனக்கு இந்த வீட்டில சோறு கிடைக்குமோ?”

“பகிடி விடாதேங்கோ.”

“நான் தொடேல்லையப்பா. ஏன், என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை.”

அவள் அல்பத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். திறப்பை ஏப்ரன் பைக்குள் போட்டாள். அல்பத்தை மூடும்போது பாலம் இருந்த பக்கத்தில் விரல் பட்டுச் சில்லிட்டது அவளுக்கு நினைவிருந்தது. ஹீற்றர் போட்டிருந்த அறை அது.

புதன்கிழமை. மூன்றரைக்கே செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தாள். அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஏதோ போட்டி நிகழ்ச்சி. கைதட்டல்.

4.05.

4.06.

கைதட்டல் நின்றது.

டக்.

அவள் எண்ணத் தொடங்கினாள்.

டக்... டக்... டக்.

நாலு. ஒரு சின்ன இடைவெளி, அடுத்த வரிசைக்குக் கை போவது போல.

டக்... டக்... டக்... டக்.

எட்டு.

டக்... டக்... டக்.

பதினொன்று.

பிறகு ஒன்றுமில்லை. காத்திருந்தாள். அந்தப் பக்கத்திலும் யாரோ காத்திருப்பது போலிருந்தது...

பன்னிரண்டாவது வரவில்லை.

திரும்பவும் முதலிலிருந்து. டக்.

பதினொன்றில் நின்றது.

திரும்பவும்.

பதினொன்று.

“ஆர் அது?” என்றாள். “என்ன வேணும்?”

சத்தம் நின்றது.

எழுந்தாள். நடந்தாள். லைற்றைப் போட்டாள்.

அலுமாரி பூட்டியபடி இருந்தது.

திறப்பு அவளுடைய பையில் இருந்தது.

அல்பம் மேசையில் இருந்தது.

முப்பத்தோராம் பக்கம்.

பாலம் இல்லை...

பாலம் இருந்த உறையில் ஒரு வெள்ளை வீடு. கூரையில் பனி. வேலிப் படலைக்கு வெளியே ஒரு சின்னப் பெண்பிள்ளை. வீட்டுக்குள் போகாமல், இவளைப் பார்த்தபடி.

அப்படியொரு படத்தை இசபெல் வாங்கியதே இல்லை.

*இன்னும் நிக்கினம்.*

உறையை உருவி எடுத்தாள். திருப்பினாள். மறுபக்கத்தில் அவளுடைய பாலம். இரண்டு அட்டைகள், முதுகோடு முதுகு ஒட்டி. எப்போதோ ஒரு அல்பத்தில் ஒட்டிய பழைய பசை. வைத்தது வைத்தபடி ஏழு மாதமாக அவளிடமே இருந்திருக்கிறது. உறையை யார் திருப்பினார்கள்?

கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியில் பிடித்து, மெல்ல மெல்லப் பிரித்தாள். படத்தின் முதுகில் பென்சில் எழுத்து.

*ரூத். வயது ஐந்து. எங்கள் வீடு.*

இசபெல் கதிரையில் இருந்துவிட்டாள். பயம் போய்விட்டது. அதைவிடப் பெரிய ஒன்று வந்திருந்தது. மடு மாதாவின் பெயரால் அவள் எழுதியது பொய். அந்தப் பொய்யை நம்புகிறேன் என்று ஒரு கிழவர் எழுதிவிட்டு, மன்னிப்பும் கேட்டிருந்தார்.



வியாழக்கிழமை காலை ஹார்லோவின் போன் இலக்கத்துக்கு அடித்தாள். எடுத்தது ஒரு பெண். அவருடைய தங்கையின் மகள். வீட்டு இலக்கத்தைத் தன் போனுக்கு மாற்றி வைத்திருக்கிறாளாம். மாமா ஒக்ரோபர் இருபத்தெட்டாம் தேதி காலமாகிவிட்டார் என்றாள். பின்னேரம் நாலு மணியளவில், குசினி மேசையில், இருந்தபடியே.

இசபெல் அட்டையைப் பற்றிச் சொன்னாள். தேடிப் பார்க்காமல் வைத்திருந்தது தன் பிழை என்றாள். நேரில் கொண்டுவந்து தரலாமா என்று கேட்டாள்.



வீடு பூட்டிக் கிடக்கிறது என்றாள் அந்தப் பெண். சனிக்கிழமைகளில் மட்டும் போய்ச் சாமான் ஒதுக்குகிறாளாம். திறப்பு அவளிடம் மட்டும்தான். மாமா இறந்தபோது மேசையில் பதினொரு அட்டைகள் பரப்பியபடி கிடந்தன. நாலு, நாலு, மூன்று. எடுத்து றப்பர் பட்டி போட்டு, மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்தாள். அடுத்த சனிக்கிழமை போனால் மேசையில் இருந்தன. திரும்பவும் லாச்சிக்குள் வைத்தாள். அடுத்த கிழமையும் மேசையில். நாலு, நாலு, மூன்று. கடைசி இடம் வெறுமையாக.

“கதவில் கடிதம் போடும் வாசலாலேயே உள்ளே போட்டுவிட்டுப் போங்கள்,” என்றாள். “நான் இந்த வாரம் போகவில்லை. தனியாகப் போக விருப்பமில்லை.”

அன்று பின்னேரமே இரண்டு பஸ் மாறி இசபெல் அனர்லிக்குப் போனாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. சின்ன வீடு. இழுத்து மூடிய திரைகள். விளக்கில்லை. தன் பாலத்தையும் ரூத்தின் படத்தோடு சேர்த்துக் கொடுக்கத்தான் முதலில் நினைத்தாள். பிறகு வேண்டாமென்று ரூத்தை மட்டும் எடுத்தாள். அவர் கேட்டது அதைத்தானே.

கதவின் தபால் வாசலுக்குக் குனிந்தாள். சொல்ல நினைத்து வந்த ஆங்கிலம் வாயில் வரவில்லை.

“பிழையாச் சத்தியம் பண்ணிப்போட்டன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ, ஐயா.”

அட்டையை உள்ளே விட்டாள்.

கால்மிதியில் விழும் சத்தத்துக்காகக் காது கொடுத்தாள்.

வரவில்லை.

கைக்கடிகாரத்தில் 4.07.

உள்ளே, வீட்டின் பின்பக்கத்தில், குசினி இருக்கும் திசையில்...

டக்.

ஒன்றே ஒன்று.

பிறகு ஒரு கதிரை பின்னால் நகரும் சத்தம். யாரோ வேலை முடிந்து எழும்புவது போல.

தெருவில் ஒருவரும் இல்லை. இசபெல் தபால் வாசலின் மூடியைச் சத்தம் வராமல் விரலால் பிடித்து மூடினாள்.