மூன்றாம் நாள் பாட்டில்

எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலில் ஒரு பழுப்பு நிற பீர் பாட்டில் இருக்கிறது. கழுத்தைச் சுற்றித் தங்க நிறக் காகிதம் பாதி உரிந்தும் பாதி ஒட்டிக்கொண்டும் கிடக்கும். அதில் தண்ணீர் ஊற்றி என் மனைவி மணிபிளாண்ட் வளர்க்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் முதலில் பாட்டிலைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் வீட்டில் இருக்க வேண்டிய பொருளா இது என்று அவர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். நான் விளக்கம் சொல்வதில்லை. சொல்வதென்றால் பாயிடமிருந்து தொடங்க வேண்டும், பாயிடமிருந்து தொடங்கினால் மீன் ஆணத்தைச் சொல்லாமல் நகர முடியாது, அதற்குள் அவர்களுடைய காபி ஆறிப்போகும்.

வலங்கைமானில் எல்லோருக்கும் அவர் பாய்தான். வளைகுடா நாட்டில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, குடமுருட்டிப் பாலத்துக்கு அருகில் நாலு மேசை போட்டு ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார். அங்கிருந்து வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வதைப்போல கோழியைக் கம்பியில் குத்திச் சுற்றவிடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவரோ விரால் மீன் ஆணமும் சோறும், சாயங்காலம் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் என்று எழுதிப் போட்டார். ஆணம் என்றால் குழம்புதான். அவர்கள் வீட்டுச் சொல், அவர்கள் வீட்டுப் பக்குவம். புளி குறைவாக, தேங்காய் தாராளமாக, மேலே எண்ணெய் மிதக்காமல் இருக்கும். "அங்க கண்டத தின்னு நாக்கு செத்துப்போச்சு சார். நம்ம வாய்க்கா மீனுக்கு ஏங்கிக் கெடந்தேன்" என்பார். கடைக்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். காலையில் தன் மொபெட்டில் போய்த் திரும்பும் தூரத்தில் கிடைக்காத எதுவும் அடுப்பில் ஏறக் கூடாது. அரிசி அடுத்த தெரு மில்லிலிருந்து வரும். வெல்லம் பாபநாசம் பக்கத்து ஆலையிலிருந்து. இஞ்சிக்கு மட்டும் கும்பகோணம் மார்க்கெட் வரை போவார், அதையும் பக்கம்தான் என்று சாதிப்பார்.

நான் அப்போது வேறு கட்சி. ருசி என்றால் பஸ் ஏறிப் போனால்தான் கிடைக்கும் என்று நம்பியவன். சனிக்கிழமை சாயங்காலங்களில் நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுக் கும்பகோணம் போவேன். அங்கே ஒரு லாட்ஜின் பின்பக்கம், தெரிந்தவர் யாரும் எட்டிப் பார்க்காத இருட்டு அறையில், ஒரே ஒரு பீர் குடிப்பேன். தொட்டுக்கொள்ள ஊசிப்போன கடலை. திரும்பும் பஸ்ஸில் ஏலக்காயை மென்றுகொண்டே வருவேன். வாத்தியார் என்பவன் இதைச் செய்யலாமா என்று கேட்டால், செய்தேன், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் இதில் பெரிய வேடிக்கை.

பாய் கடையில் ஆணத்துக்கு அடுத்தபடி பேர் வாங்கியது இஞ்சித்தண்ணி. ஹோட்டலில் உடன் வேலை பார்த்த இலங்கைக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு வந்தாராம். இஞ்சியை இடித்து, வெல்லமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, தயிருக்கு உறை விடுவதுபோல முந்தின தடவை எடுத்து வைத்ததிலிருந்து ஒரு கரண்டி ஊற்றி, பாட்டிலில் அடைத்து மூடி அழுத்திவிடுவார். ஒரு ராத்திரி போனால் தானாகவே நுரை கட்டும். காரமும் புளிப்பும் இனிப்புமாக, விரால் ஆணத்துக்கு அப்படி ஒரு பொருத்தம். முதலில் சாதாரண சோடா பாட்டிலில்தான் அடைத்தார். நம் சித்திரை வெயிலில் அவை ஒவ்வொன்றாக வெடித்துக் கடையே தீபாவளி ஆனது. அதற்குப் பிறகு பழைய சாமான் கடையில் தேடித் தடித்த கண்ணாடியாகப் பொறுக்கி எடுத்து வந்து, கொதிக்கும் நீரில் நாலு தடவை கழுவிக் காயவைத்தார். "குண்டு போட்டாலும் ஒடையாது சார், பாருங்க" என்று தட்டிக் காட்டினார். எல்லாம் பீர் பாட்டில்கள். வாழ்நாளில் அதைக் கையால் தொடாத மனிதர், அவர் கண்ணுக்குக் கண்ணாடியின் கனம் மட்டும்தான் தெரிந்தது.

பத்தடி தூரத்தில் இருந்தே எனக்குத் தெரிந்தது. நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. காரணம் வெட்கக்கேடு. என் சொந்த ஊரில், நடுப்பகலில், எல்லோரும் பார்க்க, அந்தப் பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு மீன் சாப்பிடுவது எனக்குச் சுகமாக இருந்தது. யாராவது கேட்டால் இஞ்சித்தண்ணி என்று நிமிர்ந்து சொல்லலாம். அந்தச் சின்னச் சந்தோஷத்துக்காக ஒரு நல்ல மனிதரின் பெயரைப் பணயம் வைத்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஊருக்கு உறைத்தது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்தார்கள். பாய் கடையில் பீர் ஓடுகிறது என்று பேச்சு கிளம்பியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடை திறந்த பத்தாவது நிமிடம், ஜமாத்தில் எல்லோரும் மதிக்கும் ஹாஜியார் நாலு பேருடன் படியேறி வந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். அவர் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளுக்கு நிக்காஹ். விருந்துக்கு அறுபது பாட்டில் இஞ்சித்தண்ணி வேண்டும் என்று பாயிடம் சொல்லியிருந்தவரே அவர்தான்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. இத நாளன்னைக்கு என் சபையில வைக்கணும். அதான் கேக்குறேன். இதுல ஒண்ணும் இல்லையே?"

"அல்லா சத்தியமா இஞ்சியும் வெல்லமும்தான் ஹாஜியார்."

"நீங்க போடுறது இஞ்சிதான். அது உள்ள போயி என்னவா ஆவுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ருசி உங்களுக்குத் தெரியுமா?"

பாய்க்கு எப்படித் தெரியும்? கடையில் இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு அந்த ருசி நன்றாகவே தெரியும் என்று என்னால் சொல்ல முடியும், ஆனால் எல்லோருக்கும் திடீரென்று மீனில் முள் அதிகமாகிவிட்டது. என் எதிரே எங்கள் தலைமையாசிரியர் தட்டை விட்டுத் தலையை எடுக்கவே இல்லை.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "சார் வேதியியல் வாத்தியாருதானே, நீங்க சொல்லுங்க."

அது நல்ல வழி. பாடப்புத்தகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ஒரு ராத்திரியில் பெரிதாக எதுவும் ஆகாது, படித்திருக்கிறேன் என்றேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "படிச்சா ருசி தெரியுமா சார்?" பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நாலு மேசைக்காகப் பன்னிரண்டு வருடம் பாலைவனத்தில் வெந்த மனிதர். நான் எழுந்து நின்றேன். "எனக்கு ருசியும் தெரியும் ஹாஜியார். சனிக்கிழமை சனிக்கிழமை குடிக்கிறவன்தான்" என்றேன். மேசையில் இருந்த அன்றைய பாட்டிலில் ஒரு வாய் குடித்துக் காட்டினேன். "இது வெறும் இஞ்சித்தண்ணி. சத்தியம்."

அத்தோடு முடிந்திருக்கலாம். ஹாஜியார் மூலையில் சாக்கு போர்த்தி அடுக்கியிருந்ததைக் காட்டினார். "அது?" விருந்துக்கான அறுபது பாட்டில். ஒரே ராத்திரியில் அவ்வளவு முடியாது என்று செவ்வாய்க்கிழமையே அடைத்து வைத்துவிட்டார் பாய். வளைகுடாவில் நாலு நாள் வைத்துக் குடித்திருக்கிறாராம், ஒன்றும் ஆகாதாம். அங்கே ஏசி போட்ட அறை, இங்கே சித்திரை மாதத்துத் தகரக் கூரை என்பதை அவர் யோசிக்கவில்லை. ஒன்றை எடுத்துத் திறந்தார். கழுத்தில் தங்கக் காகிதம் சரியாக உரியாத பாட்டில் அது. வாங்கிக் குடித்தேன். இனிப்பு மறைந்துபோயிருந்தது. லேசான கசப்பு, தொண்டையில் இறங்கும்போது ஒரு கதகதப்பு, எல்லாம் முடிந்த பிறகு இஞ்சி மெல்ல எட்டிப் பார்த்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பொய் சொன்னால் கடை பிழைக்கும், உண்மை சொன்னால் மூடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேட்டவர் பெண்ணைக் கட்டிக் கொடுக்கப்போகிற தகப்பன், என்னை நம்பிக் கேட்டவர்.

"பாய், இது அந்தப் பக்கம் போயிடுச்சு" என்றேன்.

பாய் ஓப்பனரை எடுத்தார். மீதிப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து கடை ஓரத்துச் சாக்கடையில் கவிழ்த்தார், என் கையில் இருந்ததை நான் கவிழ்த்தேன். தெரு முழுக்க இஞ்சி மணத்தது. ஹாஜியார் கடைசிப் பாட்டில் வரை நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நான் குடித்த காலிப் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்பதை வாசலில்தான் கவனித்தேன். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "ஊருக்கே சொன்னத எனக்குச் சொல்ல என்ன? ஏலக்கா வாசத்துக்கு நூலகம்னு பேரு வச்சவரு நீங்கதான்" என்றாள் மனைவி. பாட்டிலைப் பிடுங்கி ஜன்னலில் வைத்தாள். "இங்கயே இருக்கட்டும். ஒளிச்சு வைக்கிற வேலையெல்லாம் இனி வேணாம்."

மறுநாள் காலை வாசலில் மொபெட் சத்தம் கேட்டபோது, என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். பாய் சிரித்துக்கொண்டிருந்தார். "ஹாஜியார் வந்திருந்தாரு சார். சாயங்காலம் அஞ்சாறு பயலுவள அனுப்புறேன், இஞ்சி இடிச்சுத் தருவானுவ, புதுசா போடுங்கன்னுட்டாரு. கொட்டுனத பாத்ததுக்கு அப்புறம்தான் நம்பிக்கை வந்துச்சாம். பாட்டில மட்டும் மாத்தச் சொன்னாரு. நாளைக்குக் காலையில நீங்க வந்து ஒரு வாய் பாத்துச் சொல்லணும்." ஞாயிறு காலை எட்டு மணிக்கு நிக்காஹ் வீட்டுப் பந்தலில், மாப்பிள்ளை வருவதற்கு முன்னால், ஹாஜியாரும் அவருடைய தம்பிமாரும் சுற்றி நிற்க, நான் வரிசையாக ஆறு பாட்டிலில் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்துத் தலையாட்டினேன். என் சனிக்கிழமைகளுக்கு இப்படி ஒரு கௌரவம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. திங்கட்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டு அறைக்கதவைச் சாத்தினார். மெமோதான் என்று நின்றேன். "கும்பகோணத்துல எங்க போறீங்க?" என்றார். சொன்னேன். "அங்க கடலை நல்லா இருக்காதே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைப் பிரித்துக்கொண்டார்.

அன்று முதல் பதினைந்து வருடமாக, ஊரில் இருக்கும் நாளெல்லாம், காலையில் பாய் கடையில் முதல் வாய் என்னுடையது. பாட்டிலெல்லாம் இப்போது வெள்ளைக் கண்ணாடி. மூடியில் அடைத்த கிழமை எழுதியிருக்கும், சாயங்காலம் மிச்சமிருப்பது சாக்கடைக்குப் போகும். நாலு மேசை பன்னிரண்டு ஆகிவிட்டது, தஞ்சாவூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து சாப்பிடுகிறார்கள். என் சனிக்கிழமை பஸ் தானாக நின்றுபோனது. திருந்திவிட்டேன் என்று சொன்னால் மனைவி சிரிப்பாள். பக்கத்திலேயே வெளிச்சத்தில் உட்கார்ந்து நல்லதாகச் சாப்பிடக் கிடைக்கும்போது, இருட்டு அறைக்குப் பஸ் ஏற எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

போன வருடம் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனான். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பெரிய பெரிய செப்புக் கொப்பரைகள். "இங்கயே செய்யறதுப்பா, வெளியிலேர்ந்து ஒண்ணும் வராது" என்று பெருமையாகச் சொல்லி, இஞ்சியும் அரிசியும் சேர்த்துக் காய்ச்சிய பீர் ஒரு கிளாஸ் வாங்கித் தந்தான். அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து, யாருக்கும் பயப்படாமல். ஒரு வாய் குடித்தேன். எப்படி இருக்கிறது என்றான். "மூணாம் நாள் பாட்டில்" என்றேன். கதை தெரிந்தவன், விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல பீர்தான். ஆனால் பாய் கொட்டியதற்கு ஒரு படி கீழே. கூட விரால் ஆணமும் இல்லை.

இந்தப் பொங்கலுக்கு மகன் வந்திருந்தபோது, பாய் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை இஞ்சித்தண்ணி எடுத்துக்கொண்டு வந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்தவர் கண் ஜன்னலுக்குப் போனது. எத்தனையோ தடவை பார்த்த பாட்டில்தான். அன்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். தப்பா போயிருமோன்னு கேக்கல." குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குக் கொட்டுனது... நல்லா இருந்துச்சா?"

அன்று ஊர் முன்னால் நான் சொன்ன உண்மையில் பாதி என் வாயிலேயே நின்றுவிட்டிருந்தது. "அதவிட நல்லதா நான் இன்னும் குடிச்சதில்ல பாய்" என்றேன்.

அவர் தோள் குலுங்கச் சிரித்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கெட்டுப்போன சாமான ஒரு நிக்காஹ்ல வைக்க இருந்தேனேன்னு இத்தனை வருசமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு சார். அப்ப என் கைப்பக்குவம் கெடல."

"கெடவே இல்ல பாய். வேற ஆளுக்கானதா ஆயிடுச்சு."

கூடையிலிருந்து முந்தின நாள் அடைத்ததை எடுத்து மூடியைத் திறந்தார். எனக்கும் மகனுக்கும் தனக்குமாக மூன்று கிளாஸில் ஊற்றி, ஒன்றை என்னிடம் நீட்டினார். குடித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகுதான் தன் கிளாஸை எடுத்தார்.