மெத்வல்லி ஓதிய கப்ருகள்

எகிப்தில் தசூக் ஊர்ச் சந்தையில் வாத்து விற்கும் இன்ஷிராஹின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள், பள்ளிவாசலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, நாக்கு நுனியைப் பல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டு முழித்தாள்.

ஓதக் கற்றுக்கொடுக்க வந்த ருமைஸாவுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். கறாரான பெண். குர்ஆனில் ஓர் எழுத்துக்கு நாக்கு நுனி மேல்பல் விளிம்பைத் தொட்டு மெதுவாகக் காற்று விட வேண்டும். இந்த ஊரில் எல்லோரும் நாக்கை உள்ளேயே வைத்துக்கொண்டு வண்டு மாதிரி இரைந்துவிட்டுப் போகிறவர்கள். கடைத்தெருவுக்கு அது போதும், ஓதுவதற்கு ஆகாது என்றாள்.

"நாக்கை நீட்டினா எம் மாமியா சூடு போடுவா" என்றாள் பக்கத்து வீட்டு ஸகிய்யா.

"அதான் செத்துப் போயிட்டாளே, தைரியமா நீட்டுடி" என்றாள் இன்ஷிராஹ். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்ததோடு சரி, பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்த குர்ஆன் சூரா எல்லாம் செத்துப்போன புருஷன் ஷேக் மெத்வல்லி ஓதக் கேட்டு, வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டே மனசில் ஏறியவை. மெத்வல்லி ஊர் இடுகாடான கப்ரஸ்தானில் ஓதிவந்தவர். வியாழக்கிழமைகளில் பெண்கள் கூடையில் பலகாரத்தோடு வந்து, "ஷேக், இங்கேயும் ஒரு யாசீன் ஓதிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். அவரும் கப்ருக்குக் கப்ரு உட்கார்ந்து ஓதி, பலகாரத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வருவார். பாதி ஊரின் மய்யித்துகளுக்கு அவர்தான் ஓதியிருக்கிறார். வண்டு இரைச்சலோடுதான் ஓதியிருக்கிறார். அது இன்ஷிராஹுக்கு இப்போதுதான் உறைத்தது. புருஷன் செத்தவளுக்கு மிச்சம் அவன் பேர்தான். அதுவும் கெட்டால் அப்புறம் வாத்து நாற்றம்தான்.

தன் முறை வந்தபோதெல்லாம் தொண்டை கட்டிவிட்டது, வாத்துக்குத் தீனி வைக்கவில்லை என்று நழுவினாள். வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்தபோது எழுத்து சுத்தமாக வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தாலாவது நிம்மதி. ஃபாத்திஹா சூராவிலேயே அந்த எழுத்து இருக்கிறது. அதை ஓதாமல் தொழுகை ஏது? சரியாக ஓதினால் புருஷன் தலையில் குட்டுகிற மாதிரி இருந்தது. பழையபடி ஓதினால் தெரிந்தே செய்கிற தப்பு. தொழுகையில் ருசியே போய்விட்டது.

ஒரு நாள் ருமைஸா விடவில்லை. "இன்னிக்கு நீங்கதாம்மா. ஓதாம வீட்டுக்குப் போக முடியாது."

இன்ஷிராஹ் ஃபாத்திஹா ஓதினாள். அந்த இடம் வந்ததும் நாக்கு தானாகப் பல்லைத் தேடிப் போய்விட்டது. ருமைஸா மாஷா அல்லாஹ் என்றாள்.

ஸகிய்யா மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்போ எங்கப்பா கப்ருல ஷேக் ஓதினது என்னக்கா?"

சுற்றியிருந்தவர்களில் அப்பனையோ பிள்ளையையோ அங்கே புதைக்காதவள் ஒருத்தியும் இல்லை.

"தப்பாத்தான் ஓதினாரு" என்றாள் இன்ஷிராஹ். "அவருக்கு அப்படித்தான் வந்துச்சு."

தெரியாமல் ஓதியதை அல்லாஹ் மன்னிப்பான், கூலியும் கொடுப்பான் என்று ருமைஸா அவசரமாகச் சொன்னாள்.

"அல்லாஹ் ஏத்துக்குவான், சரி. நாங்க குடுத்த பலகாரம்?" என்றாள் ஒருத்தி. வேடிக்கைக்குத்தான் சொன்னாள்.

"அதைத் தின்னது நானும் எம் புள்ளைங்களும்" என்று சொல்லிவிட்டு இன்ஷிராஹ் எழுந்து போனாள்.

அந்த வியாழக்கிழமை அவள் கடை போடவில்லை. கப்ரஸ்தானுக்குப் போய் ஸகிய்யாவின் அப்பா தலைமாட்டில் உட்கார்ந்து யாசீன் ஓதினாள். பொம்பளை சத்தம் போட்டு ஓதலாமா என்று ஒருவன் முணுமுணுத்தான். நாக்கை நீட்டிய வாக்கிலேயே அவனை ஒரு பார்வை பார்த்தாள், போய்விட்டான். ஸகிய்யா தள்ளி நின்று கேட்டாள், கிட்டே வரவில்லை.

மெத்வல்லி கப்ருக்குக் கப்ரு ஓடி ஓதுவார். இவளுக்கு ஒவ்வோர் எழுத்தையும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்வதற்குள் நாலைந்து பேருக்குத்தான் முடிந்தது. மீதிப் பேர் வேலி வரைக்கும் வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

மெத்வல்லியின் கப்ரு வாசலுக்குப் பக்கத்தில்தான். அவர் காது கேட்க எப்படி ஓதுவது என்று தெரியவில்லை. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் வெளியே வந்தாள்.