பால் விடாத தேத்தண்ணி

தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களான எங்களுக்கு வோட்டு இல்லாமல் போன காலம். கையில் தாளோடு யார் வந்தாலும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒருவர் வந்தார். பெரகல சந்தியில் பஸ் இறங்கி நடந்து வந்திருந்தார். டின் பால் கொம்பனி ஆள். யாழ்ப்பாணத்துப் பேச்சு. வீடு வீடாக நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்.

"தேத்தண்ணிக்கு என்ன பால் பாவிக்கிறனீங்கள்?"

பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "யாருங்க பாவி? காலங்காத்தால வந்து சாபம் விடுறீங்க?"

பயன்படுத்துவதைத்தான் அவர்கள் பாவிப்பது என்பார்கள். லயமே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பால் என்றது என் காதில் ஏறவில்லை. தேத்தண்ணி என்றதுதான் ஏறியது.

தோட்டத்தில் எங்களுக்குக் கொடுப்பது குப்பைத் தூள். என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. எப்போதாவது மடியில் ஒரு பிடி நல்ல தேயிலை கொண்டுவருவார். பிடிபட்டால் வேலை போகும். லயத்து வீடும் போகும். தோட்டத்துத் துரைதான் இந்த ஆளை உளவுக்கு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"நாங்க தேத்தண்ணியே குடிக்கிறதில்லைங்க" என்றேன்.

அதைக் கேட்டு மற்ற வீடுகளும் அதையே சொல்லின. தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணி குடிக்க ஆளில்லை.

அவர் கோபப்படவில்லை. தாளை மடித்தார். "அப்ப நான் சும்மா இருந்து பாக்கிறன்" என்று தண்ணி பிடிக்கும் பீலிக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார். அப்படிப் பார்க்கிற ஆளை நான் கண்டதில்லை. எந்த வாசலில் காலிப் பால் டின் கிடக்கிறது என்று பார்த்தார். இருந்த ஒன்றிரண்டிலும் மிளகாய்க் கன்று வளர்ந்திருந்தது. பிள்ளைகள் உள்ளங்கைச் சீனியை நக்கி நக்கிப் பால் விடாத சாயத் தண்ணி குடிப்பதைப் பார்த்தார். மறைக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

கடைசியில் என் வாசலுக்கு வந்தார். ரோசாச் செடியடியில் நான் கொட்டிய தேயிலைச் சக்கையைக் குனிந்து பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து மோந்தார்.

"நல்ல சாமான்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "பயப்படாதேங்கோ அக்கா. ஆருடைய வீடு எண்டு நான் எழுதமாட்டன். பால் விடுறீங்களோ இல்லையோ, அது மட்டுந்தான் எனக்கு வேணும்."

"விடுறதில்லைங்க" என்றேன்.

அத்தனையும் பார்த்தவர் அதை மட்டும் எழுதிக்கொண்டார். இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று மலைத்து நின்றேன். இன்றும் அந்த மலைப்புப் போகவில்லை.

உள்ளே போனேன். அந்தத் தேயிலையிலேயே சாயம் ஊற்றிக் கொண்டுவந்தேன். ஒரு கையால் குவளையை வாங்கினார். மற்ற உள்ளங்கையைச் சீனிக்கு நீட்டினார்.