தகரம் அடித்த படகு

ஏரி வற்றியதும் அந்தப் படகு வெளியே வந்துவிட்டது. யாரோ வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார்கள். பார்த்த கையோடு மாமாவைக் கூப்பிட்டேன். சொந்த மாமா இல்லை. எஸ்டேட்டில் தச்சராக இருந்தவர், அப்பாவின் உயிர் நண்பர். "வெறும் சேறுதான்லா இருக்கும். வேலையத்துப் போய் அதைப் பார்க்கணுமா?" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஈப்போவில் நாங்கள் இருக்கும் குனோங் ராபாட்டிலிருந்து தனியாகவே காரை எடுத்துக்கொண்டு போனேன்.

அது எஸ்டேட் படகு. அக்கரை ரப்பர் காட்டுக்குப் பால் வெட்டுகிறவர்களை ஏற்றிப்போகும் மரப்படகு. ஓட்டியது அப்பா. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரக்கட்டைகள் ஏரிக்கடியில் நிறைய உண்டு. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒருநாள் காலை, நடு ஏரியில் படகுக்குள் தண்ணீர் ஏறி மூழ்கிவிட்டது. எல்லாரும் கரை சேர்ந்தார்கள், சின்னம்மாவைத் தவிர. அம்மாவுக்கு அவள் ஒரே தங்கை.

"கட்டையில மோதிட்ட மச்சான். டம்முன்னு சத்தம் எனக்கே கேட்டுச்சு" என்று அப்பாவிடம் சொன்னார், அன்று படகில் பின்னால் உட்கார்ந்திருந்த மாமா. எஸ்டேட் துரையிடமும் அதையே சொன்னார். தனக்குக் கேட்கவில்லையே என்று அப்பா கொஞ்ச நாள் குழம்பினார். பிறகு தனக்கும் கேட்டதாகவே நம்பிவிட்டார். வேலை போனது, ஈப்போவுக்கு வந்தோம். அம்மா அவருக்குச் சமைத்துப் போட்டாள், துணி துவைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் தான் சாகும்வரை அவர் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவுக்கு மட்டும் தீபாவளி தவறாமல் தனி டப்பாவில் முறுக்கு.

படகு சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. முழங்கால் புதைய நடந்துபோய் அடிப்பலகையைத் தடவிப் பார்த்தேன். மோதிய காயம் எங்கும் இல்லை. பின்பக்கம் மட்டும் கையகல ஓட்டை. அதைச் சுற்றித் துருப்பிடித்த ஆணிகள், ஆணிகளில் பிஸ்கட் தகரத்தின் கிழிசல். உளுத்த பலகைமேல் மாமா தகரத்தை அடித்துத் தார் பூசியிருக்கிறார். பலகையை மாற்றச் சொல்லி அப்பா கேட்டதும், மாற்றியாகிவிட்டது என்று மாமா சொன்னதும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். புதுப் பலகை போட்ட படகையே மூழ்கடித்தவர் என்றுதான் அம்மா என்னிடம் அப்பாவைச் சொல்வாள்.

இந்த மனுஷனுக்கு என் கையால் எத்தனை தடவை தேநீர் கொடுத்திருப்பேன்! மாமாவை அங்கிருந்தே மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப பலகை கிடைக்கலய்யா. அடுத்த வாரம் மாத்திடலாம்னு இருந்தேன்லா" என்றார். "அப்ப அந்தச் சத்தம்?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நான் எடுத்த படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். விரலால் பெரிதாக்கி ஒவ்வோர் ஆணியாகப் பார்த்தார். மாமாவைத் திட்டுவார், அல்லது அழுவார் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை. முகம் தெளிந்து, என் போனைக் கையில் பிடித்தபடி அவசரமாக எழுந்தார்.

"அம்மாகிட்ட காட்டுனியா?" என்று கேட்டுக்கொண்டே யாரும் இல்லாத சமையலறைக்குள் போனார்.